செங்கை ஆழியானைப் படித்துவிட்டு எழுத உட்கார்ந்தவர்கள் இங்கே யாராவது?

பல்கனிக்காரி (வெள்ளவத்தை) | ஞாயிறு இரவு 9.40

நேராக விஷயத்துக்கு வருகிறேன். மூன்று வருடமாக ஒரு நாவல் எழுதுகிறேன் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறேன். கைவசம் இருப்பது 41 பக்கம். அதில் 30 பக்கம் கதாநாயகி யன்னலோரம் நின்று யோசிக்கிறாள். மிச்சப் பக்கங்களில் தேத்தண்ணி குடிக்கிறாள்.

போன மாதம் அம்மாவின் தகரப்பெட்டியைக் கிளறியபோது வீரகேசரி பிரசுரமாக 1973இல் வந்த செங்கை ஆழியானின் 'வாடைக்காற்று' நாவல் கிடைத்தது. அட்டை போய்விட்டது. முதல் பக்கத்தில் அம்மா தன் பெயரையும் வகுப்பையும் வளைத்து வளைத்து எழுதி, கீழே இரண்டு கோடும் போட்டிருந்தார். நடுப்பக்கங்களில் பூச்சி அரித்த ஓட்டை, ஒரே இடத்தில், ஏழெட்டுத் தாள் ஆழத்துக்கு. ஓட்டையில் விழுந்த எழுத்தை ஊகித்து ஊகித்து வாசித்தேன். முடித்தபோது விடியற்காலைக் கோச்சி கடற்கரைத் தண்டவாளத்தில் போய்க்கொண்டிருந்தது.

கதை என்று சொன்னால் ஒரு வரிதான். வாடை பெயர்ந்ததும் நெடுந்தீவுக் கரைக்கு வந்து வாடி என்கிற தற்காலிகக் குடில் போட்டுத் தங்கும் மீனவர்கள், உள்ளூர்ப் பெண்கள், காதல், பகை. ஆனால் என்னைப் பிடித்து உலுப்பியது வேறு. காற்று வருகிறது, அதோடு ஆட்கள் வருகிறார்கள். காற்று ஓய்ந்தால் வாடியைப் பிரித்துக்கொண்டு போய்விடுவார்கள். விரும்புவதோ வெட்டுப்படுவதோ அந்தச் சில மாதத்துக்குள் நடந்து முடியவேண்டும். ஒரு பாத்திரமும் சும்மா நிற்க நேரமில்லை. என்னுடைய ஆள் 30 பக்கம் யன்னலோரம் நிற்பதற்குக் காரணம் அவளை அவசரப்படுத்த ஒன்றும் இல்லை என்பதுதான்!

சரி, இப்போது என் கேள்வி. நான் பிறந்ததே கொழும்பில். வளர்ந்தது நான்காம் மாடி ஃபிளாட்டில். அவருக்கு நெடுந்தீவு இருந்தது, வன்னி இருந்தது. எனக்கு எந்தக் காற்று?

•

பழைய புவியியல் | ஞாயிறு இரவு 10.25

பிள்ளை, நான் கொழும்பில் உயர்தர மாணவருக்குப் புவியியல் படிப்பித்து ஓய்வுபெற்றவன். முதலில் ஒரு பழைய கதை.

வகுப்பில் எல்லோர் மேசையிலும் க. குணராசா எழுதிய புவியியல் புத்தகம் இருக்கும். அந்தக் காலத்தில் தமிழில் புவியியல் படித்தவன் அவரைத் தாண்டிப் போயிருக்க முடியாது. ஒருநாள் பின்வாங்கில் ஒரு பொடியன் மேசைக்குக் கீழே கதைப்புத்தகம் வாசித்துக்கொண்டிருந்தான். பறித்துப் பார்த்தால் செங்கை ஆழியான். "பாடப்புத்தகத்தை எடுத்து வாசியடா" என்று ஏசினேன். "சேர், ரெண்டையும் எழுதினது ஒரே ஆள்தானே" என்றான். எனக்கு அதுவரை தெரியாது! வகுப்பே சிரித்தது. புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அன்று பின்னேரமே ஒன்று வாங்கினேன்.

கந்தையா குணராசா, 1941இல் யாழ்ப்பாணத்தில் பிறந்தவர். பேராதனையில் புவியியல் படித்து, பிறகு நிர்வாக சேவைக்குப் போனார். 2016இல் காலமானார். இதை ஏன் சொல்கிறேன் என்றால், அவருடைய நாவலில் காற்று அலங்காரத்துக்கு வருவதில்லை. வடகீழ்ப் பருவப்பெயர்ச்சி என்று பாடப்புத்தகத்தில் எழுதிய அதே கைதான் நாவலில் வாடை என்று எழுதியது. எந்த மாதம் எந்தக் கரை கொந்தளிக்கும், எந்தக் கரை அமரும், மீன் எங்கே போகும், மீனுக்குப் பின்னால் யார் போவார், அவனுக்குக் கடன் கொடுத்தவன் யார் என்று வரிசையாக யோசிக்கிற மூளை அது.

கடற்கரை ஆட்களைக் கேட்டால் நான்கு காற்றுக்கும் பெயர் சொல்வார்கள்: வாடை, கொண்டல், சோளகம், கச்சான். உன்னுடைய காற்று சோளகம் பிள்ளை. தென்மேல். மே தொடங்கி செப்டெம்பர் வரை உன் பல்கனிக்கு நேரே வருகிறது. நான்கு மாடி உயரம் அதற்கு ஒரு பொருட்டே இல்லை.

•

கத்தரிக்கோல் | திங்கள் காலை 7.10

எல்லோரும் பூச்சொரிந்து முடியட்டும் என்று காத்திருந்தால் இழை முடிந்துவிடும். அதனால் இப்போதே சொல்கிறேன்.

நானும் செங்கை ஆழியானை வாசித்து வளர்ந்தவன்தான். ஆனால் நாற்பது வயதுக்குப் பிறகு திரும்ப வாசித்துப் பாருங்கள். எழுதித்தள்ளியவர். வேகம் இருக்கிறது, வாசிப்பவனைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகிறார், மறுப்பில்லை. அந்த வேகத்தில் மனிதர்கள் பாதி வெந்தபடி இறங்கிவிடுகிறார்கள். பெண்கள் பெரும்பாலும் யாராவது ஒருவன் பார்ப்பதற்காக இருக்கிறார்கள். வாடிக்கு வந்தவனைப் பற்றி அந்தத் தீவுப் பெண்கள் தங்களுக்குள் என்ன கதைத்திருப்பார்கள் என்று ஒரு முழு அத்தியாயம் இருந்திருக்கவேண்டாமா?

இன்னொன்று. சாதிக்கொடுமையை எழுதிய கே. டானியலின் 'பஞ்சமர்' நாவல் 1972. ஏறக்குறைய ஒரே காலம். டானியல் எழுதுவது அடிபட்டவன் முதுகிலிருந்து. இவர் எழுதுவது அரசாங்க ஜீப்பிலிருந்து இறங்கிய ஒருவரின் கண்ணால். நல்ல கண்தான், அக்கறையான கண்தான், ஆனாலும் ஜீப் ஜீப்தான். தங்கச்சி, நீங்கள் பின்பற்ற ஆள் தேடுகிறீர்கள் என்றால் இதையும் தெரிந்துகொண்டு பின்பற்றுங்கள்.

•

லயத்துக் கோச்சி | திங்கள் மதியம் 12.50

மதியச் சாப்பாட்டு இடைவேளையில் எழுதுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஊர் அட்டன் பக்கம். வேலை புறக்கோட்டையில் ஒரு கடையில், பன்னிரண்டு வருடமாக.

கத்தரிக்கோல் அண்ணா, ஜீப் கதை எனக்கும் விளங்குகிறது. ஆனால் அவருடைய 'காட்டாறு' நாவலை வாசித்தீர்களா? வன்னி விவசாயிகளை அதிகாரிகளும் வர்த்தகர்களும் எப்படி உறிஞ்சுகிறார்கள் என்று எழுதியவர் அதே அதிகாரி வர்க்கத்தில் சம்பளம் வாங்கியவர். ஜீப்பில் இருந்தவன் ஜீப்பைப் பற்றியே எழுதினால் அது சின்ன விஷயமா? வெளியில் நிற்கிற எங்களுக்கு ஜீப்புக்குள் என்ன கதைக்கிறார்கள் என்று எப்படித் தெரியும்?

என் கதையைச் சொல்கிறேன். 'வாடைக்காற்று' வாசிக்கும்போது எனக்குப் பதினாறு வயது. கடலையே பார்த்ததில்லை. சம்மாட்டி என்றால் என்ன, வாடி என்றால் என்ன, ஒன்றும் தெரியாது. தெரியாமலேதான் வாசித்தேன். ஒருவரும் நின்று எனக்கு விளக்கவில்லை, அது எனக்குப் பெரிய மரியாதையாக இருந்தது. 'இது எங்கள் சொல், வேண்டுமென்றால் பின்னால் வா' என்கிற மாதிரி. அப்போதுதான் தோன்றியது, எங்கள் மடுவத்தை எழுதினால் நானும் நிறுத்தி விளக்கத் தேவையில்லையே!

முதல் கதை அந்த மடுவத்தைப் பற்றி, அம்மா பறித்த தேயிலைக் கொழுந்தை நிறுக்கிற இடம். மழை நாளில் இலை நனைந்திருக்கும். தராசு ஒன்று காட்டும், கணக்கப்பிள்ளை தண்ணிக்கென்று கழித்துவிட்டு இன்னொன்று எழுதுவார். அம்மா ஒன்றும் பேசமாட்டார். கூடையைத் தலைகீழாகக் கவிழ்த்து நாலு தட்டுத் தட்டுவார். ஒட்டியிருந்த இலை ஒன்றிரண்டு விழும். அதைப் பொறுக்கிக் குவியலில் போடுவார். எல்லாருக்கும் முன்னால், மெதுவாக. அந்தத் தட்டலைத்தான் கதையாக எழுதினேன். ஒரு பத்திரிகைக்கு அனுப்பினேன். ஒன்றரை வருடம் கழித்து, பெயரை மாற்றிப் போட்டு வெளிவந்தது. கதையின் பெயரை இல்லை, என் பெயரை. அது வேறு கதை, விடுங்கள்.

•

ஏ.எல். பலி | திங்கள் பின்னேரம் 4.35

நான் பழைய புவியியல் சேரின் கதைக்கு நேரெதிர். எனக்குக் குணராசா சேரைத்தான் தெரியும். சமவுயரக்கோடு, தேசப்படம் எல்லாம். அவர் நாவல் எழுதுவார் என்று இந்த இழையில்தான் கண்டேன், சத்தியமாக.

நூலகம் இணையத்தளத்தில் தேடினால் அவருடைய புத்தகங்கள் ஸ்கேன் செய்து கிடக்கின்றன. 'ஆச்சி பயணம் போகிறாள்' என்று ஒன்றை இறக்கி, ரியூசன் முடிந்து 100ஆம் இலக்க பஸ்ஸில் வரும்போது போனில் வாசித்தேன். யாழ்ப்பாணத்தை விட்டு வெளியே போகாத ஆச்சி கதிர்காமம் புறப்படுகிறா. 1969இல் எழுதியதாம். எங்கள் அம்மம்மா அச்சொட்டு அப்படியே! பம்பலப்பிட்டியில் நான் தனியாகச் சிரிக்க, பக்கத்து சீட் ஆன்ட்டி பையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டா. இறங்கவேண்டிய ஹோல்ட்டையும் விட்டுவிட்டேன்.

கேள்வி: இதெல்லாம் சோதனைக்கு வருமா?

•

பழைய புவியியல் | திங்கள் பின்னேரம் 5.02

வராது. வாசி.

•

செட்டியார் தெரு | திங்கள் இரவு 8.15

ஒரு விஷயத்தை யாரும் சொல்லவில்லை. அந்தக் காலச் சூழலை விட்டுவிட்டு இந்த மனிதரின் செல்வாக்கை அளக்க முடியாது.

எழுபதுகளின் தொடக்கத்தில் தமிழ்நாட்டு வணிகச் சஞ்சிகைகள் வருவதை இலங்கை அரசாங்கம் கட்டுப்படுத்தியது. அதுவரை எங்கள் வீடுகளில் வாராவாரம் தொடர்கதைக்குச் சண்டை நடக்கும். திடீரென்று கடைக்கயிற்றில் தொங்க ஒன்றும் இல்லை. அந்த இடைவெளியில்தான் கிராண்ட்பாஸ் வீதியிலிருந்து வீரகேசரி பிரசுரங்கள் வரத்தொடங்கின. கையடக்கமான புத்தகம், கட்டுப்படியான விலை. சென்னைத் தெருக்களின் பெயர் மனப்பாடமாக இருந்த எங்களுக்கு முதன்முதலில் நெடுந்தீவு அச்சில் வந்தது. 1978இல் 'வாடைக்காற்று' படமாகவும் வந்தது.

நான் அப்போது பதினெட்டு வயதுப் பொடியன். எங்கள் பேச்சு அச்சில் வரலாம் என்பதே எனக்குப் புதினம். 'கனக்க', 'ஓம்', 'கதைக்கிறது' எல்லாம் வீட்டுக்குள் பேசுகிற சொல், எழுத என்று வந்தால் வேறு தமிழ் என்று நினைத்திருந்தவர்கள் நாங்கள். கட்டுப்பாடு நல்லதா கெட்டதா என்று இன்றைக்கும் என்னால் தீர்ப்புச் சொல்ல முடியவில்லை. வாசகனாக எனக்குப் பிடித்த தொடர் ஒன்று பாதியில் நின்றது. அதன் முடிவை நான் இன்னும் வாசிக்கவில்லை! ஆனால் அந்த வெற்றிடம் இல்லாவிட்டால் இத்தனை ஆயிரம் பேர் கையில் இந்த நாவல்கள் போய்ச் சேர்ந்திருக்குமா என்பது சந்தேகம்தான்.

கத்தரிக்கோலுக்கு ஒரு வார்த்தை. அவர் தன் நாவலை மட்டும் எழுதிவிட்டுப் போகவில்லை. பழைய பத்திரிகைகளைத் தேடி உட்கார்ந்து, ஈழகேசரிச் சிறுகதைகள், மறுமலர்ச்சிச் சிறுகதைகள், மல்லிகைச் சிறுகதைகள் என்று மற்றவர்களின் கதைகளைத் தொகுத்துக் கொடுத்தார். யாழ்ப்பாண நூலகம் எரிந்த ஊரில் அந்த வேலையின் கனம் என்ன என்று உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை.

•

கத்தரிக்கோல் | திங்கள் இரவு 9.30

தொகுப்புகள் விஷயத்தில் வாயை மூடிக்கொள்கிறேன். மறுமலர்ச்சித் தொகுப்பு என் மேசையில்தான் கிடக்கிறது, யாரிடமோ இரவல் வாங்கியது, திருப்பிக் கொடுக்கவில்லை.

பெண்கள் விஷயத்தில் மூடமாட்டேன்.

•

முகத்துவாரம் | செவ்வாய் காலை 6.05

இங்கே எழுதுவது இதுதான் முதல் தடவை. நான் எழுத்தாளன் இல்லை. அப்பா, மாமா எல்லோரும் கடல்தொழில், நான் மட்டும் துறைமுகத்தில் வேலை.

பல்கனி அக்கா காற்றைக் கேட்டபடியால் சொல்கிறேன். அந்தக் கதை நெடுந்தீவோடு முடியவில்லை. சோளகம் தொடங்கினால் இந்த மேற்குக் கரையில் தொழில் படுத்துவிடும். நீர்கொழும்பு, சிலாபம் பக்கத்து ஆட்கள் படகு, வலை, இயந்திரம் எல்லாம் லொறியில் ஏற்றிக்கொண்டு கிழக்குக்குப் போய்விடுவார்கள். திருகோணமலை, கொக்கிளாய், நாயாறு. அங்கே கடல் அமைதியாக இருக்கும். வாடை தொடங்கினால் திரும்பி வருவார்கள். மாமாவும் ஒரு காலம் போனவர். போன இடத்தில் உள்ளூர் ஆட்களோடு வாய்ச்சண்டை, கரை யாருடையது, யார் முதலில் வந்தது என்று. இன்றைக்கும் அந்தச் சண்டை இருக்கிறது, இப்போது அதில் அரசியலும் சேர்ந்துவிட்டது.

மாமா மே மாதம் போனால் மாமி வீட்டு நாட்காட்டியில் நாள் வெட்டமாட்டா. காற்றைத்தான் பார்ப்பா. பின்னேரம் கோயில் படியில் நின்று, சேலைத் தலைப்பு எந்தப் பக்கம் பறக்கிறது என்று. தலைப்பு மற்றப் பக்கம் திரும்பினால் அடுத்த கிழமை பானை பெரிதாகும்.

இந்த நாவலை நான் வாசித்ததில்லை. இன்றைக்குத் தேடப் போகிறேன்.

•

பல்கனிக்காரி | செவ்வாய் இரவு 11.20

தம்பி முகத்துவாரம், "நான் எழுத்தாளன் இல்லை" என்று தொடங்கிவிட்டு அந்தச் சேலைத் தலைப்பை எழுதினால் நாங்கள் எங்கே போவது? கத்தரிக்கோல் அண்ணா கேட்ட அத்தியாயத்தின் முதல் வரி அதுதான்.

இரண்டு நாளாக நான் கடலைப் பார்க்கவில்லை. வீட்டைப் பார்த்தேன். பழைய புவியியல் சேர் சொன்னது போல, இந்தக் காற்று வந்தால் யாருக்கு என்ன வேலை, யார் யாருக்குக் காசு கொடுக்கிறார் என்று கேட்டுக்கொண்டே வீட்டைச் சுற்றினேன். பதில் என் யன்னலிலேயே இருந்தது. துரு!

கடலோரத்தில் இருப்பவர்களுக்குத் தெரியும். மரைன் டிரைவ் பக்கம் எங்கள் கிரில் ஒரு வருடத்துக்கு மேல் தாங்காது. குளிர்சாதனப் பெட்டியின் அடிப்பக்கம், காஸ் அடுப்பின் கால், கதவுப் பிணைச்சல் எல்லாம் உப்பு தின்னும். வருடா வருடம் துருவைத் தேய்த்துப் பெயின்ற் அடிக்க ஒரு வெல்டிங் பாஸ் வருவார். சிங்களவர், எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அவர்தான். அம்மாவுக்குச் சந்தைச் சிங்களம்தான் வரும், ஆனால் துருவுக்குச் சிங்களச் சொல் மட்டும் சுத்தமாக வரும். மலகட. பாஸ் தமிழில் "துரு" என்பார், அம்மா சிங்களத்தில் "மலகட" என்பார். ஆளுக்கு ஆள் விட்டுக்கொடுக்கிறார்களாம்.

புதிதாக எழுதியதில் கொஞ்சம் போடுகிறேன். கிழித்துத் தொங்கவிடுங்கள்:

"பாஸ் கம்பி பிரஷைப் போட்டுத் தேய்க்கத் தேய்க்க, செந்தூள் மூன்றாம் மாடிக் கொடியில் காய்ந்த வெள்ளை வேட்டியில் போய் விழுந்தது. கீழே யாரோ கத்தினார்கள். அம்மா எட்டிப் பார்க்கவில்லை. பாஸ் பார்த்தார். 'நோனா, வேட்டி' என்றார். 'அவர்களுடைய கிரிலுக்கும் இதே காற்றுத்தானே' என்றார் அம்மா. பிறகு உள்ளே போய், ஒரு வாளித் தண்ணீரும் சவர்க்காரமும் எடுத்துக்கொண்டு படியிறங்கினார். ஓகஸ்ட் வெயில் மொட்டை மாடியில் கொதித்தது. பின்னேரம் விமானநிலையத்துக்கு வான் வரும். பத்து வருடத்துக்குப் பிறகு அண்ணன் கனடாவிலிருந்து வருகிறான். அவன் வருவதற்குள் கிரில் பச்சையாகிவிட வேண்டும்."

யன்னலோரம் இப்போது நிற்பது பாஸ்! கதாநாயகி ஏணியைப் பிடித்துக்கொண்டிருக்கிறாள். வேலை கிடைத்துவிட்டது.

•

லயத்துக் கோச்சி | புதன் காலை 6.40

வாளியோடு இறங்குகிற அம்மாவைப் பிடித்திருக்கிறது அக்கா. 'அவர்களுடைய கிரிலுக்கும்' என்ற வரியை அவர் எட்டிப் பார்க்காமலே சொல்வது அதைவிட. "விட்டுக்கொடுக்கிறார்களாம்" என்று மேலே எழுதியதை மட்டும் நாவலுக்குள் கொண்டுபோகாதீர்கள். மலகட, துரு என்று இரண்டு பேரும் சொன்னாலே போதும்.

•

கத்தரிக்கோல் | புதன் காலை 7.15

நல்லாயிருக்கிறது. எனக்கு இதைச் சொல்ல வராது, ஆனாலும் சொல்கிறேன்.

•

பழைய புவியியல் | புதன் காலை 8.30

பிள்ளை, எழுத்தைப் பற்றிச் சொல்ல நான் ஆளில்லை. ஆனால் ஓகஸ்டில் எந்த பாஸ் கடற்கரை வீட்டு கிரிலுக்குப் பெயின்ற் அடிப்பான்? சோளகம் முழு வேகத்தில் அடிக்கிற மாதம். தேய்த்த இரும்பில் மத்தியானத்துக்குள் உப்புப் படிந்துவிடும். அதன்மேல் ரெட் ஒக்சைட் பூசினால் சில கிழமையில் பொருக்கு எழும்பும். நல்ல வேலைக்காரன் மழையும் ஓய்ந்து காற்றும் அடங்கிய பிறகுதான் வருவான். அம்மாவிடம் கேட்டுப் பார்.

•

பல்கனிக்காரி | புதன் காலை 9.05

கேட்டேன். மாசியில்தான் வருவாராம். "எப்போதும் மாசிதானே, உனக்கு இதுகூடத் தெரியாதா" என்று பேச்சும் வாங்கினேன். நான்காம் மாடியில் முப்பத்திநான்கு வருடம் இருந்தும் தெரியவில்லை.

இப்போது என் நிலைமையைப் பாருங்கள். அண்ணன் பிள்ளைகளின் பள்ளிக்கூட லீவுக்குத்தான் வரமுடியும், அது ஓகஸ்ட். பாஸ் மாசி. கதையே இந்த இரண்டு பேரும் ஒரே நாளில் வீட்டில் நிற்பதில்தான் இருக்கிறது. அவர்கள் சந்திக்கவே மாட்டார்களே!

•

ஏ.எல். பலி | புதன் காலை 9.20

அண்ணனை மாசியில் கூப்பிடுங்கள் அக்கா. டிக்கெட்டும் மலிவாக இருக்கும்.

•

கத்தரிக்கோல் | புதன் காலை 9.48

கூப்பிடவேண்டாம். சந்திக்கவும் வேண்டாம். பாஸ் மாசியில் பச்சையடித்துவிட்டுப் போகிறார், அண்ணன் ஓகஸ்டில் வருகிறான். ஒவ்வொரு தடவையும் அவன் காண்பது துருவை மட்டும்தான். 'வீட்டைக் கவனிக்கிறதில்லையா, நான் அனுப்புகிற காசு எங்கே போகிறது' என்று அம்மாவிடம் கேட்கட்டும்.

•

பல்கனிக்காரி | புதன் காலை 10.02

ஐயோ.

41 பக்கத்தையும் கிழிக்கவேண்டும். ஒஃபிஸில் இருக்கிறேன், இரவு வந்து எழுதுகிறேன்.